திரையில் நின்றுபோன எண்

எங்கள் கம்பெனியில் இப்போது யாரும் நேரில் போவதில்லையாம். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று உட்காரும் ரெஜினா போனில் சொன்னாள். வாடிக்கையாளர் "சிஸ்டம் ஸ்லோ" என்று தட்டி அனுப்பினால் முதலில் ஒரு மிஷினே பதில் சொல்லுமாம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள், திறந்திருக்கும் பக்கங்களை மூடுங்கள், மெமரியைக் கூட்டுங்கள். அதிலும் சரியாகாவிட்டால்தான் மனிதர்கள் தூரத்தில் இருந்தபடியே உள்ளே நுழைந்து பார்ப்பார்களாம்.

"யக்கா, புச்சா வந்துகீறவங்களுக்கு அந்த ஐஸ் கம்பெனி மேட்டர எழுதிக் குடேன்," என்றாள். "நான் சொன்னா கத வுடறேன்னு நெனைக்கிறாங்க."

எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. வேலையில் இருந்த காலம் முழுக்க "ஸ்லோவா கீது, ஸ்லோவா கீது" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ஒரு லேப்டாப் கூட வைத்துக்கொள்ளவில்லை. காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் தன் மகனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து நீட்டியபோது, கண் சரியில்லை என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஐஸ் கம்பெனி விஷயம் என்றதும் மறுக்க முடியவில்லை.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பிரிண்டர் ரிப்பேரில் ஆரம்பித்து, தண்டையார்பேட்டையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்தேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் யார்டு, மீன் ஏற்றுமதி ஆபீஸ், லாரி ஷெட், பட்டறை என்று எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் நாங்கள்தான் போவோம். ஒரு கட்டத்தில் எங்கள் முதலாளி வாடிக்கையாளர்களின் பழைய லேப்டாப்புகளில் எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட ஆரம்பித்தார். வயதான மிஷினுக்கு அது தோதாக இருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டோம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் தாவூத் சார். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அதிகம் பேச மாட்டார். எங்கே போனாலும் முதலில் கீபோர்டைத் தொட விட மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த லேப்டாப்பில் வேலை செய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்பார். அவர்கள் வேலை செய்வதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டுமே என்று பொறுமை போகும்.

பிறகு கேள்விகள். எப்போதிலிருந்து இப்படி? எதைச் செய்தால் இப்படி? ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் எவ்வளவு நாள் தாங்குகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆன் பண்ணிய உடனேயே மந்தமாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகப்படு. வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மந்தமானால் அடிப்பாகத்தில் கையை வைத்துச் சூட்டைப் பார். ஒரு வாரம், பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு படுத்தால் ஏதோ ஒரு புரோகிராம் மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. கட்டளைகளைத் தட்டுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நாங்கள் அவசரப்பட்டு பவர் பட்டனை அமுக்கப் போனால் மட்டும் கோபம் வரும். "ஆஃப் பண்ணி ஆன் பண்றது வைத்தியம் இல்லம்மா. சாட்சியக் கலைக்கறது," என்பார்.

எண்ணூரில் ஒரு நிலக்கரி யார்டில் குமாஸ்தாவின் லேப்டாப் தினமும் பதினோரு மணிக்கெல்லாம் ஊர ஆரம்பித்துவிடும். மெமரிதான் போதவில்லை என்று அவரே இன்னொருவரைப் பிடித்து இரட்டிப்பாக்கியும் இருந்தார். ஒன்றும் மாறவில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும் இடம் அது. நான் அடிமூடியைக் கழற்றினேன். விசிறி இருந்த இடத்தில் கம்பளித் துண்டு போலக் கரித்தூள் அடைத்துக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் தள்ளி, ஊதி எடுத்ததும் ஓடியது. இரண்டு மாதத்தில் மறுபடி அடைத்தது. மறுபடி போனேன். அங்கே நான் எத்தனை தடவை போனேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசிவரை அவர்கள் லேப்டாப்பை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தவே இல்லை.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேறு விதமான பிரச்சினை. அங்கிருந்த சூபர்வைசர் ஃப்ரீ என்ற கட்டளையைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். அதில் காலியான மெமரி கொஞ்சம்தான் இருக்கிறது என்று காட்டியதும் பயந்துவிட்டார். நெட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மெமரியைத் தானாகத் துடைக்கும்படி ஒரு வரியைப் போட்டுவைத்திருந்தார். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியில், டிஸ்க்கில் இருந்து எடுத்த கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளும். அடுத்த முறை டிஸ்க்குக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துத் தரும். யாருக்காவது இடம் தேவைப்பட்டால் உடனே காலி செய்துகொடுத்துவிடும். பார்க்க வேண்டியது காலியாக எவ்வளவு என்பதை அல்ல, கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதை. அதற்குத் தனியாக ஒரு எண் அதே இடத்தில் இருக்கிறது. இவர் துடைத்த ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அது டிஸ்க்கிலிருந்து புதிதாக எடுக்க வேண்டியிருந்தது.

"நெட்ல அப்டித்தான் மேடம் போட்டுக்கீறாங்க," என்றார்.

"அந்த ஒரு வரிய எடுத்துட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார். சரியாகிவிட்டது. ஆனாலும் என்னை அவர் முழுசாக நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இப்படியே போயிருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு ஐஸ் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். படகுகளுக்கு ஐஸ் பார் போடுவார்கள். பக்கத்திலேயே மீன் வைக்கும் குளிர் அறையும் உண்டு. குளிர வைப்பதற்கு அமோனியா வாயு. அங்கே எல்லோரும் கேஸ் என்றுதான் சொல்வார்கள். கேஸ் ஒழுகினால் கண்டுபிடிக்க கம்ப்ரஸர் அறைச் சுவரில் ஒரு கருவி மாட்டியிருந்தது. சிவப்பு எண்கள் ஓடும் சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி முற்றத்தைக் கடந்து ஆபரேட்டரின் கண்ணாடிக் கூண்டுக்கு வரும். அங்கே ஒரு பழைய லேப்டாப். அதில் பிரவுசரில் ஒரு பக்கம் எப்போதும் திறந்தபடி இருக்கும். காற்றில் கேஸ் எவ்வளவு என்று பெரிதாக ஒரு எண். அதற்குக் கீழே ஏறி இறங்கும் கோடு. எண் அளவைத் தாண்டினால் அந்தப் பக்கமே சைரன் ஒலியை எழுப்பும். இந்த ஏற்பாட்டைச் செய்தது வேறொரு மென்பொருள் கம்பெனி. லேப்டாப்பைப் பார்த்துக்கொள்வது மட்டும் நாங்கள்.

ஏழுமலை அங்கே காலை ஷிப்ட் ஆபரேட்டர். கொருக்குப்பேட்டைக்காரர். கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். நான் போனால் ஐஸ் போட்ட சர்பத் வாங்கி வைத்துவிட்டுத்தான் வேலையைச் சொல்வார். அந்த லேப்டாப் சில வாரங்களுக்கு ஒரு முறை உறையும். அவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்; ஓடும். எங்களுக்குச் சொல்வதே இல்லை. பின்னால் மேனேஜர் பாஸ்கர், ஆஃப் பண்ணினால் கணக்குக் கோட்டில் இடைவெளி விழுகிறது, மேலிடத்தில் கேட்கிறார்கள், இனிமேல் யாரும் ஆஃப் பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டார். இதுவும் எங்களுக்குத் தெரியாது.

அன்று காலை ஏழுமலைக்குக் கூண்டிலேயே லேசாகக் கேஸ் வாசனை வந்திருக்கிறது. திரையைப் பார்த்தார். நான்கு என்று இருந்தது. நான்கு என்றால் ஒன்றுமே இல்லை. போன மாதம் இதே மாதிரி வாசனை வந்து அவர் கம்ப்ரஸரை நிறுத்திவிட, ஒழுகல் எதுவும் அகப்படாமல், ஐஸ் இளகி, படகுக்காரர்கள் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். பாஸ்கர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டியிருந்தார். "உன் மூக்கு சொல்றதைக் கேக்கறதுக்கா இவ்ளோ பெரிய மிஷின் வாங்கி வச்சிருக்கோம்?" அதனால் இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. எழுந்து நின்றார். மறுபடி திரையைப் பார்த்தார். நான்கு. இன்னொரு தடவை மூச்சை இழுத்தார். அப்போதுதான் கம்ப்ரஸர் அறையில் வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டது.

கம்ப்ரஸர் அறையை ஒட்டிய நடையில் இரண்டு பெண்கள் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை துண்டைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். திரும்பவும் போய் இன்னொருவரை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை போனது வால்வை மூடுவதற்கு. மூடிவிட்டார். வெளியே வரும்போது வாசற்படியில் விழுந்தார்.

அந்தப் பெண்கள் இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏழுமலைக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு விடக் குழாய் வைத்தார்கள்.

மறுநாள் பாஸ்கர் எங்களைக் கூப்பிட்டார். நானும் தாவூத் சாரும் போனோம். நடையெல்லாம் கழுவி விட்டிருந்தார்கள். இருந்தும் கண் எரிந்தது. லேப்டாப்பை யாரோ பதற்றத்தில் பட்டனை அமுக்கி அணைத்திருந்தார்கள். தாவூத் சார் அதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் ஆன் பண்ணி, லினக்ஸின் மூளையான கெர்னல் எழுதிவைக்கும் குறிப்புகளைப் பார்த்தேன். மெமரி சுத்தமாகத் தீர்ந்துபோனால் லினக்ஸ் தானே ஒரு புரோகிராமைக் கொன்றுவிட்டு, கொன்றேன் என்று ஒரு வரி எழுதிவைக்கும். அப்படி எதுவும் இல்லை. ஆனால் பிரவுசரில் அன்று காலை திறந்த பக்கங்களின் பட்டியலில் ஒரு பாட்டு வீடியோ இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பாஸ்கர். அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "பாட்டு பாத்துட்டு இருந்திருக்கான். அதான் சிஸ்டம் ஜாம் ஆகியிருக்கு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். இதை அப்படியே ரிப்போர்ட்டா குடுத்துடுங்க."

நாங்கள் ஆபீஸுக்குத் திரும்பியபோது எங்கள் முதலாளிக்கு அதற்குள் போன் போயிருந்தது. "கலா, ஆபரேட்டர் தவறாப் பயன்படுத்தினதால மந்தமாச்சுன்னு ஒரே ஒரு வரி. நமக்கு எதுக்கு வம்பு? அவங்க வேற ரெண்டு கம்பெனி வேலையும் நம்மகிட்டதான் குடுத்திருக்காங்க."

தாவூத் சார் என்னைப் பார்த்தார். "பாட்டாலதான் ஆச்சுன்னு நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"பாட்டால ஆகலன்னு பாத்தியா?"

"அதுவும் இல்ல."

"அப்ப ரெண்டையும் எழுதாத. பாத்துட்டு எழுது. அவனாலதான்னு தெரிஞ்சா, அதையும் எழுதத்தான் வேணும்."

அன்று சாயங்காலம் ஏழுமலையின் மனைவி சரோஜா ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார் போலிருக்கிறது, கையில் பிளாஸ்க். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"மேடம், அவரு பாட்டு கேப்பாரு. இல்லன்னு நான் பொய் சொல்லல. காலைல ஷிப்ட்டு ஏறனா ஒரே ஒரு பாட்டு. அத்தக் கேட்டதுக்கா மேடம் இப்டி ஆச்சி? வேலைய வுட்டுத் தூக்கிட்டு, அந்த ரெண்டு பொம்பளைங்க மூச்சு முட்னதுக்கும் அவரு மேலயே போலீஸ் கேஸ் போடுவாங்கன்னு சொல்றாங்க. அவருக்கு இன்னும் வாயத் தொறந்து பேச வரல. நீங்க சொல்லுங்க, பாட்டாலயா?"

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன்."

அது உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், பிளாஸ்க்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பாஸ்கரிடம் தாவூத் சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்த லேப்டாப் கொஞ்ச நாள் உங்கள் அறையில், உங்கள் மேஜையில் இருக்கட்டும். அறைச் சாவி உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் இருக்கும்போது மட்டும் நாங்கள் வந்து பார்க்கிறோம். பாஸ்கருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. வால்வை மாற்றி, கம்ப்ரஸர் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. சுவரில் இருந்த கருவியின் கம்பியை மேனேஜர் அறைக்கு நீட்டினோம். ஆபரேட்டர் கூண்டிலும் கருவி பக்கத்திலும் சோதனை முடியும்வரை ஆள் மாற்றி ஆள் நிற்க வைத்தார்கள்.

முதலில் பாட்டு. கேஸ் பக்கத்தை மூடிவிட்டு, அதே பாட்டு வீடியோவை மட்டும் திறந்து ஓடவிட்டேன். டாப் என்ற கட்டளை, எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்பதைப் பெரியதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்திக் காட்டும். பாட்டைத் திறந்ததும் மெமரி ஏறியது. ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டது. பாட்டு முடிந்து அடுத்தது வந்தபோதும் அதே இடத்தில்தான். பக்கத்தை மூடினேன், இறங்கியது. மறுநாள் முழுக்கப் பாட்டாக ஓடவிட்டோம். மேனேஜர் அறையில் நாள் பூரா சினிமாப் பாட்டு. பாஸ்கர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெமரி அதே இடத்தில்தான் நின்றது.

பிறகு பாட்டை மூடிவிட்டு, கேஸ் பக்கத்தை மட்டும் திறந்துவைத்தோம். யாரும் தொடவில்லை. மவுஸையும் கழற்றி பாஸ்கரின் மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் போய், கீபோர்டில் அந்த ஒரு கட்டளையை மட்டும் தட்டிப் பார்ப்பேன். முதல் நாள் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் கூடியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஏறியது, ஆனால் எங்கும் நிற்கவில்லை. இறங்கவும் இல்லை.

நான் மென்பொருள் கம்பெனிக்கு போன் பண்ணினேன். அந்தப் பக்கத்தை எழுதிய விக்னேஷ் என்பவர்தான் எடுத்தார். மரியாதையாகவே பேசினார். "மேடம், குடுக்கறதுக்கு முன்னாடி எங்க ஆபீஸ்ல ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தோம். நல்லா ஓடிச்சே."

"பழைய அளவையெல்லாம் அந்தப் பக்கம் எப்பத் தூக்கிப் போடும்?"

கீபோர்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "தூக்கிப் போடாது மேடம்," என்றார் பிறகு. "பக்கத்தைத் தொறந்ததுலேர்ந்து வர்ற எல்லாத்தையும் வச்சிக்கும். கோடு போடறதுக்கு."

வினாடிக்கு வினாடி வரும் அளவு. ஒன்றைக்கூட விடாமல் சேர்த்துக்கொண்டே போனால் எந்த லேப்டாப்பும் தாங்காது. ஏழுமலை அவ்வப்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதால் சேர்ந்ததெல்லாம் கொட்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆஃப் பண்ணக் கூடாது என்று உத்தரவு போட்ட பிறகு அது நிரம்ப ஆரம்பித்தது.

பாஸ்கரிடம் சொன்னேன். "சரி, மெமரியை இரட்டிப்பாக்கிடுங்க, முடிஞ்சுது," என்றார்.

"ரொம்பி வழியற தொட்டிக்குப் பக்கத்துல இன்னொரு தொட்டி வச்சா, அதுவும்தான் ரொம்பும்," என்றார் தாவூத் சார். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் பாஸ்கரே போன் பண்ணினார். லேப்டாப்பின் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றார். நாங்கள் போனபோது அப்படித்தான் இருந்தது. மெமரி நிரம்பிவிட்டால் லினக்ஸ் அதிலிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கில் ஸ்வாப் என்ற இடத்துக்குத் தள்ளும். மறுபடி தேவைப்பட்டால் அங்கிருந்து இழுக்கும். ஒரு அளவு வரை பரவாயில்லை. அதைத் தாண்டிவிட்டால் தள்ளுவதும் இழுப்பதும் மட்டுமே வேலையாகிவிடும். வேறெதற்கும் நேரம் இருக்காது. செத்தும் போகாது, ஓடவும் செய்யாது. அதனால்தான் கெர்னல் யாரையும் கொல்லவில்லை. எந்த வரியும் எழுதவில்லை.

டாப் கட்டளையைத் தட்டினேன். நான் தட்டிய எழுத்துகள் திரையில் வருவதற்கே நெடுநேரம் பிடித்தது. திரையில் கேஸ் அளவு ஐந்து என்று இருந்தது.

தாவூத் சார் எழுந்து முற்றத்துக்குப் போனார். ஐஸ் கம்பெனி கெமிஸ்ட்டிடம் பஞ்சில் கொஞ்சம் அமோனியாக் கரைசல் நனைத்து வாங்கிக்கொண்டார். "நீங்களும் வாங்க பாஸ்கர். கலா, நீ இங்கயே திரையப் பாத்துகினு இரு. போன வச்சிடாத."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருவரும் கம்ப்ரஸர் அறைக்குப் போனார்கள். தாவூத் சார் அந்தப் பஞ்சைச் சுவரில் இருந்த கருவிக்குக் கிட்டே காட்டியிருக்கிறார். போனில் அவர் குரல் கேட்டது.

"பெட்டில எண்ணு ஏறுது. இருவது. அம்பது. இப்ப நூறத் தாண்டிப் போவுது. அங்க எவ்ளோ?"

"அஞ்சு," என்றேன்.

"சரியாப் பாத்துச் சொல்லு."

"அஞ்சுதான் சார். அசையவே இல்ல."

"சைரன்?"

"இல்ல."

பாஸ்கர் நம்பாமல் முற்றத்தைக் கடந்து ஓடிவந்தார். மூச்சிரைக்க மேஜைக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தார். ஐந்து. மவுஸ் இருந்த இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அது அங்கேயே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து அந்த எண் திடீரென்று மாறி, சைரன் அலறியது. அதற்குள் தாவூத் சார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றிருந்தார்.

ரிப்போர்ட்டில் நான் பார்த்ததை மட்டும் எழுதினேன். பாட்டு திறந்திருந்தது என்பதையும் எழுதினேன், அதனால் மெமரி தீரவில்லை என்பதையும் எழுதினேன். முதலில் கையெழுத்துப் போட்டது தாவூத் சார். எங்கள் முதலாளி அதைப் படித்துவிட்டு மேஜையில் போட்டார். "நீங்க ரெண்டு பேரும் நல்லா வாழ்வீங்க," என்றார். வாழ்த்தாகச் சொல்லவில்லை.

விக்னேஷ் அந்த வாரமே பக்கத்தைத் திருத்தித் தந்தார். கடைசி சில மணி நேரத்து அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். பழையதைத் தூக்கிப் போடும். எண்ணுக்குப் பக்கத்தில் அது எப்போது வந்தது என்ற நேரம் இருக்கும். புதிய அளவு வராமல் நின்றால் திரை முழுக்கச் சிவக்கும். சைரனுக்கு இனி லேப்டாப் தேவையில்லை என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவர்ப் பெட்டியிலிருந்தே நேராகக் கம்பி இழுத்தோம். வேலை முடிந்த பிறகு விக்னேஷ் கம்ப்ரஸர் அறை வாசலில் போய் நின்றார். "இங்கதான் விழுந்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு பஸ் ஏறிப் போனார்.

இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். ஏழுமலையை வேலையை விட்டு எடுக்கவில்லை, போலீஸ் கேஸும் போடவில்லை. பாஸ்கர் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனாராம். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. நான் சரோஜாவிடம் போனில் "பாட்டால இல்லம்மா" என்று சொன்னபோது, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்கூட இல்லை. "சரி மேடம். அவராண்ட சொல்றேன். ராத்திரியெல்லாம் அதயேதான் கைய ஆட்டிக் கேட்டுகினு கெடந்தாரு," என்றார்.

எங்கள் முதலாளி பயந்தது போலவே அந்த வருஷம் இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள். தாவூத் சாரை மாதவரத்தில் இருந்த ஸ்டோருக்கு மாற்றினார்கள். பழைய மானிட்டர்களை எண்ணி அடுக்கும் வேலை. அவர் போய், ஓய்வு பெறும்வரை அடுக்கினார். நான் மட்டும் எப்படியோ தப்பித்தேன். மறுபடியும் எண்ணூர் கரித்தூள், திருவொற்றியூர் யார்டு, ஸ்லோவா கீது, ஸ்லோவா கீது. நாங்கள் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. களைப்புதான் மிஞ்சியது. ஒரு ஆள் தன் மூக்கை நம்பாமல் திரையை நம்பிய அந்தச் சில நிமிடங்களை எந்த ரிப்போர்ட்டாலும் திருப்பித் தர முடியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் ஐஸ் கம்பெனிக்குக் கடைசியாக ஒரு தடவை போனேன். புது லேப்டாப் வந்திருந்தது. பாஸ்கர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். கேட்டில் காவலுக்கு ஸ்டூல் போட்டு ஏழுமலை உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். பழைய சத்தம் இல்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

"உள்ள போறதுக்கு மின்ன... ஒரு நிமிசம் மேடம்," என்றார். "கொஞ்சம்... மூச்சை இஸ்த்துப் பாருங்க. எதுனா வாசன வருதா?"

நான் புரியாமல் பார்த்தேன்.

"எனக்கு வாசன தெரியறதில்ல மேடம். அன்னிக்கிப் போனதுதான். மீன் கொழம்பு வாசனகூடத் தெரியல." சிரிக்கப் பார்த்தார். "அதான்... உள்ள போற ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் வுடறேன். சைரன் கீது, புச்சு மிஷினு கீது. எல்லாம் கீது. இருந்தாலும்..."

நான் கேட்டுக்கு நடுவில் நின்று, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தேன். மீன், டீசல், ஈரச் சாக்கு, தூரத்தில் கடல். இன்னொரு தடவை இழுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல ஏழுமலைண்ணே. மீனு, டீசலு. அவ்ளோதான்."

"அப்ப சரி. போங்க."

நான் உள்ளே நடந்தேன். பின்னால் ஐஸ் ஏற்ற ஒரு வண்டி வந்து நின்றது. அவர் மெதுவாக நடந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டுவது கேட்டது.

"தோஸ்து, இஞ்சின ஆஃப் பண்ணு. ஜல்பு கில்பு இல்லியே ஒனக்கு? கீழ எறங்கி... ஒரு தபா மூச்ச இஸ்த்துப் பாரு."